மன்னிப்புக்கும் ஒரு நேரம் உண்டு

எங்கள் தொழிற்சாலையின் முன்வாசலில் ஒரு தீபாவளிப் பதாகை தொங்கியது. அது அங்கே தொங்கியது ஒரே ஒரு காலைப்பொழுதுதான். ஆனால் அந்தக் காலைப்பொழுதில் நான் கற்றுக்கொண்டது, இருபத்து நான்கு ஆண்டு வேலையில் கற்றுக்கொண்டதைக் காட்டிலும் அதிகம். அதை நம் தோட்டத்துச் சகோதர சகோதரிகளிடமும் பட்டணத்து நண்பர்களிடமும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

பாசிர் கூடாங்கை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜொகூர் நீரிணையின் ஓரத்தில், சிங்கப்பூரைப் பார்த்தபடி இருக்கும் ஊர் இது. 1977-ஆம் ஆண்டில் இங்கே துறைமுகம் திறந்தார்கள். அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் இருந்த நிலமெல்லாம் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலையாகவும் தாமானாகவும் மாறின. 2020-ஆம் ஆண்டில் ஊருக்கு மாநகர் என்ற தகுதியும் கிடைத்தது. என் தகப்பனார் மாசாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் சீவியவர். தோட்டம் கை மாறியபோது நாங்கள் லயத்தை விட்டு வெளியேறினோம். நான் படிவம் ஐந்து முடித்த கையோடு தொழிற்சாலைப் பேருந்தில் ஏறியவள். முதலில் பொட்டலம் கட்டும் பகுதியில் நின்றேன். பிறகு பணியாளர் பிரிவு அலுவலகத்தில் ஒரு மேசை கிடைத்தது. தோட்டத்துக் கணக்கில் சொல்வதானால், நான் இப்போது ஒரு கிராணி.

ஒவ்வொரு பண்டிகைக்கும் எங்கள் கம்பெனி வாசலில் ஒரு பதாகை கட்டுவது வழக்கம். நோன்புப் பெருநாளுக்கு மலாய், சீனப் புத்தாண்டுக்குச் சீனம். தீபாவளிக்கு மட்டும் பல ஆண்டுகளாக ஆங்கிலத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு நான்தான் துணிந்து மானேஜரிடம் கேட்டேன். "தமிழிலும் எழுதலாமே, நம்மிடம் தமிழர்கள் நாற்பது பேருக்குமேல் இருக்கிறார்களே" என்றேன். அவர் சீனர், நல்ல மனிதர். "செய்யுங்கள், நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்று உடனே ஒப்புக்கொண்டார்.

நான் எழுதினேன். "எங்கள் தொழிலாளர் அனைவருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்." ஒரே வரி. என் கணினியில் அச்சடித்துப் பார்த்தேன், அழகாக இருந்தது. அதை வடிவமைப்புச் செய்யும் மலாய்ப் பிள்ளையிடம் அனுப்பினேன். அவன் அப்போதுதான் ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தான். வயது இருபத்து மூன்று இருக்கும். என்னைக் 'காக்' என்றுதான் கூப்பிடுவான். மலாயில் அக்காள் முறை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவன் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். "காக், அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்" என்றான். எனக்கோ மனம் முழுவதும் முறுக்கு மாவில் இருந்தது. வெளியே பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான்தானே எழுதினேன், இதில் என்ன பார்ப்பது என்று நினைத்தேன். தாளில் விளக்குப் படம் இருந்தது கண்ணில் பட்டது. எழுத்தைப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கிக் கிறுக்கிவிட்டு ஓடினேன்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பேருந்து வாசலில் நின்றபோது, இறங்கிய தமிழர் யாரும் உள்ளே போகவில்லை. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். வயிற்றில் யாரோ கல்லைப் போட்டது போல இருந்தது.

எட்டடி நீளப் பதாகை. தங்க நிற எழுத்து. ஆனால் அது தமிழா? 'தொ'வின் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. புள்ளிகள் எல்லாம் எழுத்தை விட்டு விலகித் தனித்தனி வட்டங்களாக நின்றன. 'தீபாவளி'யில் இருந்த சுழிகள் அநாதையாகத் தொங்கின. படிக்க முயன்ற பெண்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போர்க்லிப்ட் ஓட்டும் அண்ணன் சிரிக்கவில்லை. அறுபதை நெருங்கும் மனிதர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, இத்தன வருஷம் இங்கிலீசுல போட்டான், ஒண்ணும் தோணல. இப்ப நம்ம மொழியில போடுறேன்னு சொல்லி இப்படிப் போட்டா, மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும்மா."

எட்டு மணிக்குள் படம் கைத்தொலைபேசிகளில் பறந்துவிட்டது. ஒன்பது மணிக்கு மாசாயில் இருக்கும் என் தங்கையே கூப்பிட்டு, "அக்கா, இது ஒங்க கம்பெனியா?" என்று கேட்டாள்.

இது எப்படி நேர்ந்தது என்பதைப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தமிழில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. ஆனால் கணினி அதைச் சேமிக்கும்போது 'க' முதலிலும் கொம்பு பின்னாலும் இருக்கும். தமிழ் தெரிந்த மென்பொருள் அவற்றை இடம் மாற்றி, சேர்த்துக் காட்டும். படம் வரையும் மென்பொருள்கள் சிலவற்றில் அதற்கென உள்ள அமைப்பைத் திருப்பிவிடாவிட்டால், வந்த வரிசையிலேயே கொட்டிவிடும். என் கணினியில் சரியாக இருந்த வரி அந்தப் பிள்ளையின் கணினியில் சிதறியது இப்படித்தான். தமிழ் தெரியாத அவனுக்கு அது சிதறியது என்று எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் நான். அதற்காகத்தானே என் கையெழுத்தைக் கேட்டான்?

பத்து மணிக்குக் கூட்டம். மானேஜர், பணியாளர் பிரிவுத் தலைவர், அந்தப் பிள்ளை, நான். "எப்படி நடந்தது?" என்று மானேஜர் கேட்டார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். அவன் என்னைப் பார்க்கவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. "நான்தான் செய்தேன்" என்று மட்டும் சொன்னான். அவனுடைய ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிப்பதா வேண்டாமா என்ற தாள் என் மேசையில்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். வாசகர்களே, அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதுகூட என் கை கூசுகிறது.

பிரிவுத் தலைவர் ஒரு யோசனை சொன்னார். "அச்சகத்தில் தொழில்நுட்பக் கோளாறு என்று ஓர் அறிவிப்பு ஒட்டிவிடலாம்." அவரே ஆங்கிலத்தில் எழுதி, தமிழாக்கும்படி என்னிடம் தள்ளினார். அதன் சாரம் இதுதான்: தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் பதாகையில் சில பிழைகள் ஏற்பட்டுள்ளன. இதனால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் நிர்வாகம் வருந்துகிறது.

என் மேசைக்கு வந்து அதைத் தமிழில் எழுதத் தொடங்கினேன். 'புண்பட்டிருந்தால்' என்ற சொல்லுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்த 'இருந்தால்' எனக்குப் புதிது அல்ல. முப்பத்தைந்து, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கேட்டிருக்கிறேன்.

அப்போது நான் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. ஒரு மாதம் அப்பாவின் சம்பளத்தில் மூன்று நாள் குறைந்துவிட்டது. மூன்று நாளும் அப்பா பெரட்டில் நின்றவர். வாளியும் காண்டாவுமாக மலைக்காட்டுக்குப் போய் மரம் சீவியவர். செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே யாரோ குறிக்க மறந்துவிட்டார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். கிராணி ஐயா புத்தகத்தைக்கூடத் திறக்காமல், "தப்பு இருந்தால் பார்க்கலாம், போ" என்றார். அப்பா கைகட்டி நின்றார். திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த மூன்று நாள் கூலி சம்பளக் கவரோடு வந்து சேர்ந்தது. அம்மா மகிழ்ந்து போய் முருகனுக்குச் சூடம் ஏற்றினாள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "காசு வந்திருச்சு புள்ள. வார்த்தைதான் வரல."

அந்தக் கிராணியின் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவள் யார்? நான்தான். என் பிழைக்குத் தலைகுனிந்து நிற்பவன் யார்? பிழைக்க வந்த ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன்.

எழுந்தேன். மானேஜரின் அறைக் கதவைத் தட்டினேன். அந்தப் பிள்ளை கொண்டுவந்த தாளைக் கோப்பிலிருந்து எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். "இது என் கையெழுத்து. நான் படிக்காமல் போட்டேன். அவன்மேல் தவறில்லை. காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். கால் நடுங்கியது.

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. "தமிழர்கள் உண்மையிலேயே இதை அவ்வளவு பெரிதாக நினைக்கிறார்களா?" என்று கேட்டார். போர்க்லிப்ட் அண்ணன் சொன்னதை அப்படியே மலாயில் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என் பெயரைச் சீனத்தில் யாராவது தப்பாக எழுதி வாசலில் தொங்கவிட்டால் எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார். அந்த 'இருந்தால்' அறிவிப்பு அச்சேறவே இல்லை.

பதாகையைப் பத்தரை மணிக்கே இறக்கிவிட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும் நேரம், உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் ஒன்றாக இருக்கும் நேரம் பார்த்து, மானேஜர் வாசலில் வந்து நின்றார். ஒலிபெருக்கி இல்லை, கையில் தாளும் இல்லை. மலாயில் நாலைந்து வாக்கியம்தான் பேசினார். "இன்று காலை உங்கள் பண்டிகை நாளில் உங்கள் மொழியைப் பிழையாகத் தொங்கவிட்டோம். சரிபார்க்காமல் விட்டது எங்கள் தவறு. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நாளைக் காலை சரியான பதாகை இங்கே இருக்கும். இனி எந்தத் தமிழ் எழுத்தும் தமிழர் இருவர் படித்துப் பார்க்காமல் அச்சுக்குப் போகாது." அவ்வளவுதான். ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. அச்சகத்தின்மேலும் பழி போடவில்லை.

கூட்டம் கலைந்தபோது போர்க்லிப்ட் அண்ணன் என் பக்கம் வந்து, "பரவால்லம்மா, மனுசன் நேரா வந்து சொல்லிட்டாரு" என்றார். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்திருந்தது. காலையில் பதாகைப் படத்தை அனுப்பியவர்களே மாலையில் மானேஜர் பேசியதையும் அனுப்பினார்கள்.

மாலையில் அந்தப் பிள்ளையைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "தாக் அப்பா, காக்" என்றான், பரவாயில்லை என்று. ஆனால் கண் கலங்கியிருந்தது. வேலை போய்விடும் என்று காலையிலேயே தன் தாயாருக்குச் சொல்லிவிட்டானாம். நான் பேசாமலிருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தாய் எப்படித் தவித்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

* * *

அதற்குப் பிறகு, கம்பெனிகளும் அரசாங்க அமைப்புகளும் பொதுமக்கள் முன்னிலையில் செய்யும் பிழைகளைப் பற்றிய செய்திகள் வந்தால் விடாமல் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நம் தமிழ் பட்ட பாடு எங்கள் வாசலோடு நிற்கவில்லை என்பதும் தெரிந்தது. நீரிணைக்கு அப்பால், தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரிலேயே இது நடந்திருக்கிறது. 2014-ஆம் ஆண்டில் புகழ்பெற்ற லாவ் பா சாட் உணவு அங்காடியின் பெயர்ப் பலகையில் 'சாட்' என்பது 'சனி' என்று ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் சனிக்கிழமையைச் சுருக்கி எழுதினால் அதே எழுத்துகள்தாம். நம்மவர் வாயில் சனி என்பது திட்டும் சொல் அல்லவா? பயணத்துறைக் கழகம் மன்னிப்புக் கேட்டது, பலகையும் போனது. 2017-ஆம் ஆண்டில் தேசிய தின அணிவகுப்பின் முன்னோட்டக் காட்சிக்கு அச்சிட்ட துண்டுத்தாளில் தமிழ் வரி சிதறிப்போனது. ஏற்பாட்டுக் குழுவினர் பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

நம் நாட்டில் மறக்க முடியாதது 2014-ஆம் ஆண்டு. மார்ச் 8-ஆம் தேதி எம்.எச். 370 விமானம் 239 பேரோடு காணாமல் போனது. நாடே அழுதுகொண்டிருந்த ஏப்ரல் மாதத்தில், ஏர் ஆசியா விமானங்களில் பயணிகளுக்காக வைத்திருக்கும் இதழில் ஒரு கட்டுரை. எங்கள் விமானிகள் நன்கு பயிற்சி பெற்றவர்கள், உங்கள் விமானம் ஒருபோதும் வழிதவறிப் போகாது என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. படித்தவர்கள் கொதித்துப் போனார்கள். அந்த இதழ் விமானம் காணாமல் போகும் முன்பே அச்சானது என்பதுதான் நிறுவனம் சொன்ன விவரம். ஆகவே வேண்டுமென்று செய்ததல்ல. இருந்தாலும், "நாங்கள் என்ன செய்வது?" என்று அவர்கள் வாதாடவில்லை. தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களே மன்னிப்புக் கேட்டார்கள், எல்லா விமானங்களிலிருந்தும் இதழை அகற்றினார்கள். பேச்சு அதோடு அடங்கியது.

அதே ஆண்டு செப்டம்பரில் மலேசிய விமான நிறுவனமும் இடறியது. அதற்குள் எம்.எச். 17 விமானமும் வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட வேளையில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அவர்கள் வைத்த பரிசுப் போட்டியின் தலைப்பு, சாவதற்குள் செய்து முடிக்க விரும்பும் காரியங்களின் பட்டியல் என்று பொருள் தருவது. யாரும் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்க மாட்டார்கள். என்னைப் போல் யாரோ ஒருவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கண்டனம் எழுந்ததும் தலைப்பை நீக்கி வருத்தம் தெரிவித்தார்கள்.

இன்னொன்று, நம் தோலைச் சுட்டது. 2017-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளையொட்டி வாட்சன்ஸ் மலேசியா ஒரு குறும்படம் வெளியிட்டது. முகத்தில் கரி பூசியது போன்ற கறுத்த பெண். அவளைப் பார்த்து மிரளும் பணக்காரன். பிறகு அவள் வெள்ளையாகி அழகியாகிறாள். கறுப்பு என்று பள்ளியில் கேலி செய்யப்பட்டு வீட்டுக்கு அழுதுகொண்டு வந்த மகளைத் தேற்றிய தாய்மாருக்கு இதன் வலி தெரியும். நிறுவனம் முதலில் விளக்கம்தான் சொன்னது, இது டாயாங் செனண்டோங் என்ற பழங்கதையைத் தழுவியது என்று. எதிர்ப்பு மேலும் வலுத்தது. அதன் பிறகுதான் மன்னிப்பும் வந்தது, படமும் அகற்றப்பட்டது. மன்னிப்பை முதலில் சொல்லியிருந்தால் அந்த விளக்கத்தையும் ஒருவேளை கேட்டிருப்பார்கள். விளக்கம் முந்திக்கொண்டதால் மன்னிப்பு வற்புறுத்தி வாங்கியது போல ஆகிவிட்டது.

தன்மேல் தவறே இல்லாதபோதும் முந்திக்கொண்ட நிறுவனம் ஒன்று உண்டு. 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலி மாத்திரையைத் தின்ற ஏழு பேர் இறந்தார்கள். யாரோ ஒரு பாவி மாத்திரைக் குப்பிகளில் சயனைட் நஞ்சைக் கலந்து கடைகளில் வைத்துவிட்டான். தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் பழியை மறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நாடு முழுவதிலுமிருந்து 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. 10 கோடி டாலருக்கு மேல் செலவு. பிறகு யாராவது திறந்திருந்தால் காட்டிக்கொடுக்கும்படியான மூடிகளோடு மீண்டும் கடைக்கு வந்தது. ஓராண்டுக்குள் மக்கள் பழையபடி வாங்கத் தொடங்கினார்கள். இன்று மருந்துக் குப்பியைத் திறக்கும்போது நாம் கிழிக்கும் அந்த உறை பரவியதற்கு இந்தச் சம்பவமே பெருங்காரணம்.

அப்படியானால் ஏன் பல நிறுவனங்கள் உடனே வாய் திறப்பதில்லை? வழக்கு வரும் என்ற அச்சம்தான். "மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும், பேசாதீர்கள்" என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதற்காகவே ஹாங்காங்கில் 2017-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மன்னிப்புக் கேட்டதை வைத்து ஒருவர்மேல் பொறுப்புச் சுமத்தக் கூடாது என்கிறது அது. மனிதன் மனிதனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல சட்டத்தின் துணை தேவைப்படுகிற காலமாகிவிட்டது.

* * *

ஆனால், சகோதரிகளே, மன்னிப்பு என்ற சொல்லில் நாம் ஏமாந்துவிடவும் கூடாது. 2014 டிசம்பர் 28-ஆம் தேதி சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட இந்தோனேசிய ஏர் ஆசியா விமானம் 162 பேரோடு கடலில் விழுந்தது. தலைவர் டோனி பெர்னாண்டஸ் அன்றே சுராபாயாவுக்குப் பறந்து சென்றார், குடும்பத்தாரைச் சந்தித்தார், மன்னிப்புக் கேட்டார். உலகம் அதைப் பாராட்டியது, பாராட்ட வேண்டியதும்தான். ஆனால் ஓராண்டு கழித்து வந்த விசாரணை அறிக்கை வேறொன்றையும் சொன்னது. வால் பகுதியிலுள்ள சுக்கானைக் கட்டுப்படுத்தும் கருவியில் ஒரு பற்றவைப்பு விரிசல் கண்டிருந்தது. அதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் அந்தக் கோளாறு 23 தடவை பதிவாகியிருந்தது. கோளாறு வந்தபோது விமானிகள் சமாளித்த விதமும் விபத்துக்குக் காரணம் என்று அந்த அறிக்கை கூறியது. எவ்வளவு கனிவாகப் பேசினாலும் பேச்சு விரிசலை ஒட்டவைக்காது. பிழை மறுபடி நேராமல் பார்த்துக்கொள்ளும் வேலை தனியாக இருக்கிறது.

இதை பாசிர் கூடாங்கில் இருக்கும் எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பாசிர் பூத்தே வட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி மயங்கினார்கள். சில நாளில் காற்று மேலும் மோசமானது. 13-ஆம் தேதி வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடினார்கள். 2,700 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நாங்கள் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பிய நாட்கள் அவை. அதிகாரிகள் வந்தார்கள், தீயணைப்புப் படை வந்தது, ஆறு துப்புரவானது, சிலர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுக் குற்றத்தை மறுத்து விசாரணை கோரினார்கள். சட்டம் தன் வழியே போகட்டும். ஆனால் "இது எங்கள் கையால் வந்தது, எங்களை மன்னியுங்கள்" என்று யாராவது ஒருவர் சொல்லுவாரா என்று நான் காத்திருந்தேன். என் காதில் அப்படி ஒன்றும் விழவில்லை. அப்பா வாசற்படியில் உட்கார்ந்து சொன்னதை அந்த நாட்களில் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவையும் பார்த்த பிறகு எனக்குப் புரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மன்னிப்பு உடனே வர வேண்டும். புண்பட்டவர் கேட்டு வாங்கும்படி வைக்கக் கூடாது. 'இருந்தால்' என்ற சொல் அதில் இருக்கக் கூடாது. பெரியவராக இருப்பவர் சொல்ல வேண்டும், சின்னப் பிள்ளையை முன்னால் தள்ளக் கூடாது. இனி என்ன செய்வோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னதைச் செய்ய வேண்டும். கம்பெனி என்றால் ஏதோ கட்டடமும் இயந்திரமும் என்று நினைக்கிறோம். கட்டடத்துக்கு வாய் கிடையாது. உள்ளே இருக்கும் என்னைப் போன்ற ஒருத்தி, "என் தவறு" என்று முதலில் சொன்னால்தான் கம்பெனியும் சொல்ல முடியும்.

நம் வீடுகளுக்கும் இது பொருந்தாதா? பிள்ளையை அவசரப்பட்டு அடித்துவிட்டு, தவறு அவனுடையதல்ல என்று தெரிந்த பிறகும், "சரி, வா சாப்பிடு" என்று தட்டை நகர்த்தி வைக்கிறோமே தவிர, "அம்மா தப்பு செஞ்சிட்டேன்யா" என்று எத்தனை பேர் சொல்கிறோம்? சோறு வந்துவிடுகிறது, வார்த்தை வருவதில்லை. நானும் அப்படி இருந்தவள்தான். இப்போது சொல்லப் பழகிக்கொண்டு வருகிறேன்.

அந்தப் பிள்ளையின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அவன் இப்போது தமிழ் எழுத்து வந்தால் தானே சிதறலைக் கண்டுபிடித்துவிடுகிறான். "காக், இந்த வட்டம் தனியாக நின்றால் தப்புதானே?" என்று கேட்கிறான். அடுத்த தீபாவளிக்குப் பதாகையின் தாளை நான் மூன்று தடவை படித்தேன். இரண்டாவது ஆளாக யாரை அழைப்பது என்று யோசிக்கவே இல்லை, போர்க்லிப்ட் அண்ணனைத்தான் கூப்பிட்டேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டி, தமிழ்ப் பள்ளியில் படித்த மாதிரியே விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்தார். கடைசிப் புள்ளி வரை வந்துவிட்டு, பேனாவை வாங்கினார்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா இந்தக் கடைசி 'ள்'ளுக்குப் புள்ளி கொஞ்சம் சின்னதா இருக்கு. பெருசாப் போடச் சொல்லு, தூரத்துல இருந்து பாக்குறவனுக்கும் தெரியணும்ல" என்றார்.

பெரிதாகப் போட்டோம்.